கேட்டுக்கும் கையெழுத்து, ரோட்டுக்கும் கையெழுத்தா?

நம் நகர் மூன்றாவது குறுக்குத் தெருவில் மனை வைத்திருக்கும் எல்லோருக்கும், சங்கத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் தம்பிக்கும், வெளியூரில் இருந்துகொண்டு இங்கே காலி மனை போட்டு வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கமுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் தம்பி இரண்டு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். ஒன்று, கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்க வேண்டிய மனு. 'பொதுமக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் எங்கள் தெரு பல ஆண்டுகளாகப் பராமரிப்பின்றிக் கிடக்கிறது, அரசு செலவில் காங்கிரீட் ரோடு போட்டுத் தர வேண்டும்' என்று எழுதியிருந்தது. இன்னொன்று நம் சங்கத்தின் வசூல் நோட்டீஸ். 'நமது தெரு தனியார் சாலை என்பதால் வெளியாட்கள் நுழைவதைத் தடுக்க வடக்குக் கோடியிலும் இரும்பு கேட் போடப்படும், வீட்டுக்கு 5,000 ரூபாய்' என்றது அது. இரண்டிலும் மனை எண் 17 என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

தம்பிக்குக் காபி கொடுத்தேன். கையெழுத்துப் போடவில்லை. 'யோசிச்சுச் சொல்றனுங்க' என்று அனுப்பிவிட்டேன். ஒரே கிளிப்பில் கோத்திருந்த இரண்டு தாள்கள். ஒன்றில் நம் தெரு பொதுத் தெரு, அடுத்ததில் தனியார் சாலை. செலவு என்றால் ஊருடையது, பூட்டு என்றால் நம்முடையது. கூட்டுறவு சங்கமொன்றில் 28 வருஷம் கணக்கு எழுதியவள் நான். ஒரே சொத்தை வரவுப் பக்கத்தில் ஒரு பெயரிலும் செலவுப் பக்கத்தில் வேறு பெயரிலும் எழுதிக்கொண்டு வந்தால் பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

ரோடு கெட்டுப் போயிருப்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஐப்பசியில் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் தையில்தான் காய்கிறது. மூலை வீட்டுத் தாத்தா மொபெட்டோடு விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார். தட்டுவடை செட் விற்கும் தள்ளுவண்டிக்காரர் இப்போதெல்லாம் தெருமுனையிலேயே நின்று மணி அடித்துவிட்டுப் போய்விடுகிறார். இதில் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியது பணம் யாருடையது என்பதைத்தான். அதற்கு முதலில் ரோடு யாருடையது என்று தெரிய வேண்டும்.

உங்கள் பத்திரத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்துச் சொத்து விவரத்தைப் படித்துப் பாருங்கள். 1996இல் நான் வாங்கிய பத்திரத்தில் 'தென்வடல் 23 அடி அகல ரோட்டுக்கும் மேற்கு' என்று தொடங்கி நான்கு எல்லையும் சொல்லி, 'மேற்படி ரோட்டில் வண்டி வாகனங்கள் போக வர உண்டான பாத்தியமும் சேர்த்து' என்று முடித்திருக்கிறது. போக வரப் பாத்தியம், அதாவது உரிமை, நமக்கு இருக்கிறது. நிலம் இன்னும் மனை பிரித்து விற்றவர் பெயரில்தான் பட்டாவில் நிற்கிறது. அவரும் காலமாகி வருஷங்கள் ஆயின.

ரோட்டையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்து, அனுமதி வாங்கி, அப்புறம் மனை விற்பதுதான் முறை. அந்தக் காலத்தில் அதை யார் கேட்டோம்? மாந்தோப்பை வெட்டி, கல் நட்டு, ஞாயிற்றுக்கிழமை வேனில் அழைத்து வந்து பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். ஏற்காட்டு மலை கண்ணெதிரே தெரிகிறது, காற்று சிலுசிலுவென்று வருகிறது, வாங்கினோம். 2016 செப்டம்பர் 9ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்டபோதுதான் நமக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த வருஷம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்குள் விற்பனையான மனைகளுக்கு வழி பிறந்தது. ஓடி ஓடிப் பணம் கட்டி அவரவர் மனைக்கு ஆணை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டோம். ரோட்டுக்குத் தானப் பத்திரம் வாங்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நானும் அந்த ஒருத்தரில் சேர்த்திதான்.

'சொத்து வரி கட்டுறமே, அப்புறம் என்னத்துக்கு நாம செலவு பண்ணோணும்?' இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறீர்கள். 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது, 1,200 சதுர அடிக்கு மேல் 1,800க்குள் வரும் என் வீட்டுக்கு 75 சதவீதம் ஏறியது. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் சொத்து வரி என்பது என் வாசலுக்கு ரோடு போடக் கொடுத்த அட்வான்ஸ் இல்லை. ஒரு தனி ஆளின் பட்டா நிலத்தில் பொதுப் பணத்தைக் கொட்டினால் தணிக்கையில் அந்த அதிகாரியின் தலை உருளும். சட்டமன்ற உறுப்பினர் நிதியும் நாடாளுமன்ற உறுப்பினர் நிதியும்கூடத் தனியார் நிலத்துக்கு வராது. உள்ளாட்சி அலுவலகத்தில் அந்தப் பொறியாளர் நம்மிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: 'தானப் பத்திரம் இருக்குங்களா?' அவர் கேட்டது நியாயம். வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று அவரை நாம் பேசிய பேச்சுதான் அநியாயம்.

சரி, விற்றவரின் வாரிசுகள் தலையில் கட்டலாமே என்று தலைவர் ஐயா சொன்னார். ஐயா, அந்த வழியும் அடைத்துத்தான் இருக்கிறது. 1882ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பாத்தியத்தை அனுபவிக்கவும் காப்பாற்றவும் ஆகிற செலவைப் பாத்தியம் உள்ளவரே ஏற்க வேண்டும் என்கிறது. நடப்பவர் நாம், செலவும் நம்முடையது. 'காங்கிரீட் ரோடு போட்டுத் தருகிறேன்' என்று விற்றவர் பத்திரத்தில் எழுதியிருந்தாலாவது பிடித்துக் கேட்கலாம். என் பத்திரத்தில் அந்த வரி இல்லை. உங்களில் யார் பத்திரத்திலாவது இருந்தால் தயவுசெய்து ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆகவே ரோடு இன்றைய நிலையிலேயே இருக்கும்வரை செலவு நம்முடையது. நமக்குள்ளே யார் எவ்வளவு என்பதில்தான் மூன்று கூட்டம் நடந்து மூன்றும் சண்டையில் முடிந்தன.

காண்ட்ராக்டர் அளந்து சொன்னது இது. நீளம் 620 அடி, தளத்தின் அகலம் 12 அடி, ஆக 7,440 சதுர அடி. அடித்தளத்தைச் சமப்படுத்தி ஆறு அங்குலம் காங்கிரீட் போட சதுர அடிக்கு 100 ரூபாய். மொத்தம் 7,44,000. தெருவில் 31 மனைகள். 19இல் வீடு இருக்கிறது, 12 காலி. சங்கம் போட்ட கணக்கில் 19 வீடுகள் மட்டும் பிரித்துக் கட்டுகின்றன, வீட்டுக்கு 39,158 ரூபாய். 31ஆல் வகுத்தால் 24,000. நடுவில் இருக்கும் 15,158 ரூபாய், ஒவ்வொரு வீட்டுக்காரரும் காலி மனைக்காரருக்கு மொய் எழுதுவது. சேர்த்துப் பார்த்தால் 2,88,000 ரூபாய் மொய். கல்யாணம் யாருக்கென்றுதான் தெரியவில்லை.

பெங்களூரில் இருக்கும் ஒரு மனைக்காரரிடம் போனில் பேசினேன். 'நான் வருஷத்துக்கு ஒருக்கா வந்தாலே அதிகங்க. ஓடாத ரோட்டுக்கு நான் எதுக்குங்க பணம் தரணும்?' என்றார். பணிவாகத்தான் பேசினார். ஆனால் அவர் மனைக்குப் போன மாதம் வந்த புரோக்கர், ரோடு போட்டுவிட்டால் விலை எவ்வளவு ஏறும் என்று என் வாசலில் நின்றுதான் கணக்குச் சொன்னார். நம்மூரில் மாரியம்மன் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி போடுகிறோம். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போனவன் 'நான் கூழ் குடிக்க வரலை, வரி தர மாட்டேன்' என்று சொல்வதில்லை. வரி கொடுக்காவிட்டால் ஊரில் பாத்தியம் போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். இது வெறும் ஊர் வழக்கம் என்று தள்ளவும் முடியாது. 1920ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில் தனியார் தெருவுக்கென்றே ஏற்பாடு இருந்தது. தெரு சரியில்லையென்றால், அதை ஒட்டிய கட்டடங்களுக்கும் நிலங்களுக்கும் உரிமையாளர்களாக இருப்பவர்களுக்கு நோட்டீஸ் கொடுத்துச் சமப்படுத்தச் சொல்லலாம், தளமும் வடிகாலும் போடச் சொல்லலாம். செய்யாவிட்டால் நகராட்சியே செய்து செலவை அவர்களிடம் வசூலிக்கலாம். கட்டடம் இருக்கிறதா இல்லையா என்ற பேச்சே அதில் கிடையாது. அந்தச் சட்டம் போய்ப் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனாலும் நூறு வருஷத்துக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து யோசித்து வைத்த நியாயம் நமக்கு ஏன் பிடிபடவில்லை?

ஏழு வாடகை வீடுகளில் தலைக்கு 2,000 கேட்டிருக்கிறீர்கள். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் அந்தத் தம்பி அடுத்த வருஷம் இந்தத் தெருவில் இருப்பாரா என்பது அவருக்கே தெரியாது. ரோட்டின் மதிப்பு மனையில் ஏறுகிறது, மனை வீட்டுக்காரருடையது. ரோடு போட்ட கையோடு வாடகையையும் ஏற்றத்தான் போகிறீர்கள்; ஒரே பள்ளத்துக்கு அவர் இரண்டு தரம் கட்ட வேண்டுமா?

இனி முதல் வீட்டுக்காரர் சங்கதி. 'எனக்கு ரோட்டுல 40 அடி போதுமுங்க, கடைசி வீட்டுக்காரருக்குத்தான் 620 அடி வேணும்' என்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஒரு ராத்திரி உட்கார்ந்து தூரத்துக்குத் தக்கபடி பிரித்துப் பார்த்தேன். முதல் மனைக்கு 3,000க்குக் கொஞ்சம் குறைச்சல், கடைசி மனைக்கு 45,000. விளக்கை அணைத்துப் படுத்த பிறகுதான் உறைத்தது. மழை பெய்தால் மலைப் பக்கத்துத் தண்ணீர் முழுக்க வடக்கிலிருந்து தெற்கே இந்தத் தெரு வழியாகத்தான் ஓடி வருகிறது. கடைசி வீட்டு வாசலில் பெயர்ந்த ஜல்லி முதல் வீட்டு வாசலில் வந்துதான் குவிகிறது. மேலே ரோடு இல்லாவிட்டால் கீழே இருக்கும் 40 அடியும் நிற்காது. குடிமராமத்து நடந்த காலத்தில் வாய்க்காலைத் தூர்வார அவரவர் நிலத்தின் அளவுக்கு ஆள் அனுப்பினார்கள். தலைமடைக்காரன் 'என் வயல் வரைக்கும் மட்டும் வெட்டுவேன்' என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டால் கடைமடைக்காரன் என்ன செய்வான்? அதனால் மனை ரோட்டைத் தொடும் நீளத்தை, அதாவது முகப்பை அளந்து, அடிக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் சேர்த்து 1,240 அடி முகப்பு. அடிக்கு 600 ரூபாய். 40 அடி மனைக்கு 24,000. இரண்டு மனையைச் சேர்த்து ஒரே காம்பவுண்டு போட்டிருப்பவர் 48,000. மூலை மனைக்காரர்கள் தங்களுக்கு வேறு தெருவும் இருக்கிறதே என்பார்கள். வாசல் எந்தத் தெருவில் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து அதை அங்கேயே பேசி முடிக்கலாம், அதற்கு ஒரு கடிதம் தேவையில்லை.

தினமும் போகும் ஸ்கூட்டியும் ஆட்டோவும் ரோட்டை உடைக்கவில்லை. 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் தவித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நான்கு வீட்டில் போர் போட்டார்கள். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி ஒன்று, கம்ப்ரசர் வண்டி ஒன்று, பின்னாடியே பைப் ஏற்றிய லாரி. அந்தப் பதினைந்து நாளில் விழுந்த தடம் இன்னும் இருக்கிறது. வீடு கட்டுகிறவர்களுக்கு வரும் எம்சாண்ட் லாரியும் அப்படித்தான். 12 மனையிலும் இனிமேல்தான் கட்டப் போகிறார்கள், புது ரோட்டில் ஏறித்தான் லாரி வரும். கட்டுகிறவர் வேலை தொடங்கும் முன் சங்கத்தில் ஒரு தொகை டெபாசிட் கட்டட்டும். கட்டி முடித்த பிறகு ரோடு பழையபடி இருந்தால் முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்ட வேண்டிய இடமெல்லாம் ரோடு போடுவதற்கு முந்தியே தோண்டி முடிந்திருக்க வேண்டும். இதைப் போன தரம் நாம் செய்யவில்லை, போட்ட மூன்றாம் மாதமே வெட்டினோம்.

வடிகாலை மறந்துவிட்டுக் காங்கிரீட் பற்றி மட்டும் பேசுகிறோம் என்பதும் என் குறை. தண்ணீர் போக வழியில்லாத ரோடு எத்தனை அங்குலம் போட்டாலும் விரிசல் விடும். உயரத்தையும் பார்க்க வேண்டும். பழைய தளத்தைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு வீடுகளைப் பள்ளமாக்கக் கூடாது என்று 2021இல் தலைமைச் செயலாளர் இறையன்பு அரசு ரோடுகளுக்கே உத்தரவு போட்டார். நம் காண்ட்ராக்டர் சுரண்டுவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த 100 ரூபாயில் அதுவும் சேர்த்தியா என்று யாராவது கேட்டீர்களா?

இப்போது அந்த இரண்டாம் தாளுக்கு வருகிறேன்.

தெற்குக் கோடியில் முதல் கேட் போட்டபோது நானும் 2,000 ரூபாய் கொடுத்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மாவின் தாலிக்கொடியைப் பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போன மாதம் அது. பயந்துபோய்க் கொடுத்தேன். தனியாக இருப்பவள், பயம் இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பகலில் அந்தக் கேட் திறந்தேதான் கிடக்கிறது. வடக்கே போடப் போகும் கேட் அப்படி இல்லை, அதை எப்போதும் பூட்டியே வைக்கப் போவதாக நோட்டீஸ் சொல்கிறது. அங்கே இருக்கிறவர்கள் யார்? தோட்டங்காட்டிலேயே வீடு போட்டுக் குடியிருக்கும் காட்டுக் கொட்டாய்க்காரர்கள். விடியற்காலையில் பூக்கூடையோடு நம் தெரு வழியாகப் பஸ்ஸுக்குப் போகிறவர்கள், பால் ஊற்ற வருகிறவர்கள், பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடும் பிள்ளைகள். நாம் மனை வாங்கியபோது இது ரோடாக இல்லை, இட்டேரியாக இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித் தடம். பழைய நில அளவைப் புலப்படத்தில் புள்ளிக்கோடு போட்டு வண்டிப்பாதை காட்டியிருக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள். நம் பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் முந்தியது அவர்கள் நடந்த தடம். அதைப் பூட்டினால் கோர்ட்டுக்குப் போவார்கள், போனால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும். அந்தச் செலவுக்கும் செயலாளர் தம்பி ஒரு வசூல் நோட்டீஸ் அடிக்க வேண்டிவரும். பூட்டினால் வெளியாட்கள் வர முடியாது என்கிறீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்த நான்கு நாளும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பக்கத்துப் பூக்கார அம்மாதான்.

பணம் போட்டவனுக்குத்தான் பூட்டும் என்று ஒருவர் கூட்டத்தில் சொன்னார். நமக்கு இரண்டு தெரு தள்ளி மூக்கனேரி இருக்கிறது. 2010இல் சேலம் மக்கள் குழு பொதுமக்களிடம் பணம் திரட்டி அந்த ஏரியைத் தூர்வாரித் திட்டுகள் அமைத்து மரம் நட்டது. பணம் கொடுத்தவர்கள் யாரும் கரையில் கேட் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளவில்லை. நீங்களும் நானும் காலையில் அங்கேதான் நடக்கப் போகிறோம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கேட்டும் வேண்டும், தனியார் சாலை என்ற போர்டும் வேண்டும் என்றால் 7,44,000 ரூபாயையும் நாமே போட வேண்டும், காலி மனைக்காரர்களையும் சேர்த்து. அப்புறம் கலெக்டரிடம் மனுக் கொடுக்கும் பேச்சே இருக்கக் கூடாது. அப்போதும் வடக்கே பூட்டக் கூடாது என்பேன்.

அரசு செலவு செய்ய வேண்டும் என்றால் ரோட்டைக் கொடுத்துவிட வேண்டும். மனை விற்றவரின் மனைவியும் இரண்டு பையன்களும் இருக்கிறார்கள். பெரிய பையனிடம் நானே பேசினேன். 'அந்த ரோட்ட வச்சுக்கிட்டு நாங்க என்னங்க பண்ணப் போறோம், எழுதித் தர்றோம்' என்றார். சின்னவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. மூன்று பேரும் போட்டால்தான் பத்திரம் செல்லும். வாரிசுச் சான்றிதழ் எடுத்துத் தானப் பத்திரம் பதிந்து உள்ளாட்சியிடம் கொடுத்துவிட்டால், நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம். நகர்ப்புறங்களுக்கு அந்தத் திட்டத்தை 2021 டிசம்பரில் முதலமைச்சர் இதே சேலத்தில்தான் தொடங்கி வைத்தார். மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்ட வேண்டும், மீதி அரசு. மதிப்பீட்டை அவர்கள் பொறியாளர்தான் போடுவார், தொகை மாறலாம். நம் காண்ட்ராக்டர் சொன்ன தொகையையே வைத்துக்கொண்டால் நம் பங்கு 2,48,000. 31 மனைக்கு வகுத்தால் தலைக்கு 8,000 ரூபாய். வடிகாலுக்கும் அதிலேயே கேட்கலாம். அடுத்த தரம் ரோடு கெட்டால் கேட்க வேண்டிய இடமும் நமக்குத் தெரிந்திருக்கும். பதிலுக்கு நாம் கொடுப்பது இரண்டு. கேட்டைக் கழற்ற வேண்டும், போர்டை எடுக்க வேண்டும்.

திருட்டுப் பயத்துக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். மூன்று விளக்குக் கம்பத்தில் கேமரா மாட்ட என் பங்கைத் தனியாகத் தருகிறேன். தென்கோடிக் கம்பத்தில் எரியாத விளக்கைப் பற்றி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் பிள்ளையார் கோயில் வேப்பமரத்தடியில் உட்காரலாம். பெங்களூர்க்காரரையும் மற்றவர்களையும் போனில் ஸ்பீக்கரில் போட்டுவிடலாம். நான் சங்கத்தின் பெயருக்கு இரண்டு செக் எழுதி எடுத்து வருகிறேன். ஒன்று 24,000, இன்னொன்று 8,000. எதை வாங்கிக்கொள்கிறீர்கள் என்று நீங்களே கலந்து பேசிச் சொல்லுங்கள், மற்றதை அங்கேயே கிழித்துவிடுகிறேன். தெற்குக் கேட்டின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவரும் மறக்காமல் அதை எடுத்துக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
மனை எண் 17